தலை எண்ணிக்கை

அக்டோபர் 9, திங்கள்

காலை 10.40க்கு இத்தாலியின் பலெர்மோவிலிருந்து பஸ். மதியம் ஒன்றேகாலுக்கு மலையடி ஊருக்கு வந்து சேர்ந்தேன். தங்கும் அறை இரண்டாம் மாடியில். படி குறுகல். ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே மலை. மதோனிய மலை என்கிறார்கள். வெயில் உண்டு, தெற்கிலிருந்து சூடான காற்று. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வரும் காற்றாம். முப்பத்தொரு வருடம் வனவராக இருந்து தினமும் டைரி எழுதிய கை இது. ஓய்வு பெற்று நான்கு வருடமாகியும் நேரத்தையும் காற்றையும் எழுதாமல் அடுத்த வரிக்குப் போக மாட்டேன் என்கிறது.

நாளை முதல் ஐந்து நாள் வழிகாட்டியோடு காட்டு நடை. காலையில் போய் மாலையில் அறைக்குத் திரும்புவது. மரம், செடி, பழைய மலைவாசிகளின் வாழ்க்கை எல்லாம் காட்டுவார்களாம். ஆட்கள்: நான், வயதான ஜெர்மன் தம்பதி, எனக்கு மொழிபெயர்க்கத் தர்மிகா என்ற பெண், வழிகாட்டி சால்வோ. தர்மிகா பலெர்மோவிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. இருபத்தேழு வயது இருக்கும். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள்; எனக்காக ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறாள்.

பதிவில் என் பெயர் சிவசுப்பிரமணியன். பொய் இல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கிறது. மகன் மகிழனுடைய பாஸ்போர்ட்டில் அதே இடத்தில் ஆவுடையப்பன் என்று என் பெயர். இந்த ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு புரியாது. புரியவும் வேண்டாம்.

மனைவி கோமதி போன் செய்தாள். மகனுடைய சான்றிதழ்களையும் புத்தகங்களையும் வாங்கத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் அடியில் இருக்கிறது, பென்ஷன் காகிதங்கள் சாமி அலமாரியில், என்று சொன்னேன்.

"இதெல்லாம் இப்ப என்னத்துக்குச் சொல்லுதீய?"

"தெரிஞ்சு வச்சிக்கோ. நல்லதுதான."

அக்டோபர் 10, செவ்வாய்

7.30க்குப் புறப்பாடு. காற்று நின்றுவிட்டது. ஈரப்பதம் கூடுகிறது.

சால்வோவுக்கு நாற்பது வயது இருக்கலாம். ஒல்லியான ஆள். நடையில் சத்தமே இல்லை. காட்டில் வளர்ந்தவன் நடை. முதலில் ஒரு மரத்தைக் காட்டினார். பட்டை முழுக்கக் குறுக்கே கீறல், ஏணிப்படி மாதிரி.

"அங்கிள், கோடை காலத்தில இதைக் கீறி விடுவினமாம். வாற பால் காய்ஞ்சு வெள்ளையாத் தொங்குமாம். மன்னா எண்டு பேர். இனிப்பாம்" என்றாள் தர்மிகா.

சால்வோ பையிலிருந்து ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தார். வாயில் போட்டேன். பதநீர் காய்ந்த மாதிரி ஒரு இனிப்பு. அவர் கையிலிருந்து எதையும் வாங்கித் தின்னக் கூடாது என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். முதல் நாளே தின்றுவிட்டேன்.

பிறகு ஹாலி மரத் தோப்பு. முள் இலை. மற்ற இடங்களில் புதராக நிற்கும் செடி இங்கே நாற்பது ஐம்பது அடி ஓங்கி நிற்கிறது. உள்ளே போனால் பகலிலேயே விளக்கு வேண்டும். ஜெர்மன் அம்மாள் உட்கார்ந்து இலைகளை வரைந்தார். அவர் கணவர் பென்சில் சீவிக் கொடுத்தார்.

கவனித்தவை: 1. ஒவ்வொரு திருப்பத்திலும் சால்வோ ஆட்களை எண்ணுகிறார். விரலை நீட்டி எண்ணிவிட்டு, கடைசியில் தன் நெஞ்சைத் தொட்டு, இல்லை என்பதுபோலத் தலையை ஆட்டுகிறார். நான்கே பேர், குருடன்கூட எண்ணிவிடலாம். இன்று பதினேழு தடவை எண்ணினார். 2. விளிம்பில் நின்று பேசும்போது பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். எல்லா இடத்திலும் அப்படித்தான். பழக்கம் போலிருக்கிறது.

இரவுக்கு ரொட்டி, தக்காளி. கொண்டுவந்த இட்லிப் பொடியில் பாதி பையில் கொட்டிவிட்டது.

அக்டோபர் 11, புதன்

மேகமூட்டம். இடது குதிகாலில் கொப்புளம். போட்டிருப்பது மகிழனுடைய பூட்ஸ். ஒரு அளவு பெரிது. முன்னால் பஞ்சு அடைத்தும் வழுக்குகிறது. பெட்டியோடு அனுப்பிய அவன் சாமான்களில் இது மட்டும்தான் புதிதுபோல இருந்தது. இடது பூட்ஸின் நாடா நடுவில் அறுந்து முடிச்சுப் போட்டிருக்கிறது. அவன் போட்ட முடிச்சா, எடுத்தவர்கள் போட்டதா என்று தெரியவில்லை. அவிழ்க்காமலே காலை நுழைத்துக்கொள்கிறேன்.

யாராவது இதைப் படிக்க நேர்ந்தால் விவரம் தெரிய வேண்டும் அல்லவா, எழுதிவிடுகிறேன். என் மகன் மகிழன் பலெர்மோவில் மேற்படிப்பு படித்தான். போன வருடம் அக்டோபர் 14ஆம் தேதி இதே மலைக்கு இதே மாதிரி ஒரு நடைக்கு வந்தான். பன்னிரண்டு பேர், வழிகாட்டி இதே சால்வோ. அன்று பனிமூட்டம். கிழக்குச் சரிவில் சுண்ணாம்புப் பாறை கரைந்து கிணறு மாதிரி உண்டான பள்ளங்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் விழுந்து செத்தான். இருபத்தாறு வயது. பத்தொன்பது நாள் கழித்து மூடி அறைந்த பெட்டியில் வீட்டுக்கு வந்தான். கோமதி திறக்கச் சொன்னாள். திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

வழிகாட்டி கொடுத்த வாக்குமூலத்தின் தமிழாக்கம் என்னிடம் இருக்கிறது. 'எச்சரிக்கையை மீறிக் குழுவை விட்டுத் தனியே சென்றார். விழுந்த கணத்திலேயே உயிர் பிரிந்திருந்தது.' இரண்டு வரி.

இரண்டாவது வரியைப் பிடித்துக்கொண்டுதான் கோமதி ஒரு வருடத்தை ஓட்டினாள். எனக்கு முதல் வரிதான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து என்னோடு காட்டுக்கு வந்தவன். வரிசையை விட்டு விலகாதே என்பதை அ, ஆவுக்கு முன்னால் கற்றவன். அவன் தனியே போகமாட்டான்.

இன்று பழைய கரிமூட்டம் போட்ட இடங்களைப் பார்த்தோம். வட்டமாகக் கறுத்த மண். நம் மலையிலும் இப்படி உண்டு என்று சொன்னேன். சால்வோ சந்தோஷமாகி ஏதேதோ கேட்டார். பதில் சொன்னேன். சிரித்துக்கூடப் பேசினேன்.

அக்டோபர் 12, வியாழன்

காலை 8 மணி, பீச் மரக் காடு; பழம் பழுக்கிற பீச் அல்ல, காட்டு மரம். இலை எல்லாம் துரு நிறம். உச்சியில் பழைய பனிக்குழிகள். குளிர்காலத்தில் பனியைக் குழியில் மிதித்து அடைத்து, வைக்கோல் போட்டு மூடி, கோடையில் கோவேறு கழுதையில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புவார்களாம்.

சாப்பிடும்போது வரைபடத்தை விரித்துக் கிழக்குச் சரிவில் விரலை வைத்தேன். "இங்க எப்ப போறோம்னு கேளும்மா."

சால்வோ வரைபடத்தைப் பார்க்கவில்லை. வெகுநேரம் பேசினார். தர்மிகா என்னிடம் சொன்னது, "அங்க பாக்க ஒண்டும் இல்லையாம்."

"இவ்வளவு நேரமா இதத்தான் சொன்னாரா?"

"ஓம் அங்கிள்."

அவள் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'எச்சரிக்கையை மீறித் தனியே சென்றார்.' இந்த வரியை எங்கேயோ பார்த்திருக்கிறேன் என்று ஒரு வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது. இன்று பனிக்குழிக்குள் இறங்கும்போது ஞாபகம் வந்தது. அது நான் எழுதியது. 2003, ஐப்பசி மழை. வனக் காவலர் மாசானம் ஓடையின் அக்கரையில் மாட்டி வெள்ளத்தோடு போனான். அன்று அவனை அக்கரைக்கு யார் போகச் சொன்னது என்று அறிக்கையில் இல்லை. அதற்கு அடியில் அவன் பெண்டாட்டி கட்டைவிரல் மை வைத்தாள். போதும். தூக்கம் வருகிறது.

அக்டோபர் 13, வெள்ளி

மழை. நடை ரத்து. சாக்ஸ் துவைத்தேன், காயவில்லை. ஹீட்டர் மேல் போட்டிருக்கிறேன்.

பதினோரு மணிக்குத் தர்மிகா கதவைத் தட்டினாள். கையில் இரண்டு காப்பி. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்கள் மகிழன்ர அப்பாதானே?"

நான் காப்பியை வாங்கிக்கொண்டேன்.

"எங்கட கோயில்ல அந்தப் பொடியனுக்கு ஒரு பூசை செய்தவை. நானும் போனனான். படம் வச்சிருந்தது. உங்களைப் பாத்த முதல் நாளே மூக்கைப் பாத்து யோசிச்சனான். நேற்று சால்வோ என்ன சொன்னவர் தெரியுமோ? 'அந்தப் பக்கம் என்னைக் கூப்பிடாதேங்கோ, உங்களுக்குக் கோடி புண்ணியம்' எண்டு சொன்னவர். நான்தான் மறைச்சிட்டன்."

"சரிம்மா."

"ஏன் அங்கிள் வந்தனீங்கள்?"

"பாக்கணும்."

"பாத்திட்டு?"

ஜன்னலுக்கு வெளியே மழை. மலை தெரியவில்லை. இட்லிப் பொடி வேண்டுமா, உன் அம்மாவுக்குக் கொண்டுபோகிறாயா என்று கேட்டேன். அவள் கதவைச் சாத்தாமலே போய்விட்டாள்.

அக்டோபர் 14, சனி

காலை 6.10. மழை விட்டிருக்கிறது. பள்ளத்தாக்கிலிருந்து மூட்டம் ஏறுகிறது. இன்று மகாளய அமாவாசை. பாபநாசம் படித்துறையில் இந்நேரம் நிற்க இடமிருக்காது. கோமதி எள்ளும் தண்ணியும் இறைக்கத் தம்பியை அனுப்புவதாகச் சொன்னாள். திரும்புகிற டிக்கெட்டை உறுதிப்படுத்தச் சொல்லிச் செய்தி வந்திருக்கிறது. இன்னும் செய்யவில்லை.

தர்மிகாவை ஜெர்மன்காரர்களோடு நிறுத்திவிட வேண்டும். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

மாலை 7.30. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மேலே மேய்ப்பர்களின் கல் குடிசை ஒன்று இருக்கிறது. பதினொன்றரைக்கு அங்கே சேர்ந்தோம். ஜெர்மன் அம்மாளுக்கு மூட்டு வலி, உட்கார்ந்துவிட்டார். கணவர் தேய்த்துவிட்டார். "நீ இவங்ககூட இரும்மா" என்று தர்மிகாவிடம் சொல்லிவிட்டுக் கிழக்கே நடக்க ஆரம்பித்தேன். பின்னால் சால்வோ கத்தினார். நான் நிற்கவில்லை. இந்த மூட்டத்தில் ஒரு ஆளைத் தனியாக விட அவரால் முடியாது. எத்தனை தடவை எண்ணினார் என்று நான்தான் பார்த்திருக்கிறேனே. ஓடி வந்து என்னோடு சேர்ந்துகொண்டார். கையைப் பிடித்து இழுத்தார். நான் வரைபடத்தில் விரலை வைத்தேன். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் அவரே முன்னால் நடந்தார்.

முப்பது நிமிடம். மரம் குறைந்து பாறை வந்தது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பாறைகளுக்கு நடுவே தரை திடீரென்று இல்லாமல் போனது. அவ்வளவுதான் அந்தப் பள்ளம். சுற்றிப் புல், ஓரத்தில் ஒரு இளம் பீச் கன்று. நம் வீட்டுக் கிணற்றைவிடக் கொஞ்சம் அகலம். ஒரு கல்லைத் தட்டிவிட்டேன். விழுந்த சத்தம் கேட்க நேரமானது.

இதுவரை எல்லா விளிம்பிலும் முதுகைக் காட்டி நின்றவர் இங்கே பள்ளத்தைப் பார்த்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். நான் அவருக்குப் பின்னால், மூன்றடியில். பிறகு இரண்டடியில். மூட்டத்தில் எங்களைப் பார்க்க ஒருவரும் இல்லை. என் வலது கை நீண்டிருந்தது. அவருடைய முதுகுப் பைக்கும் என் விரலுக்கும் ஒரு சாண் இருக்கும். எதற்கு நீட்டினேன் என்று எழுத வேண்டியதில்லை. எதற்கு நாலாயிரம் மைல் வந்தேனோ அதற்கு.

அப்போது சால்வோ பேசினார். என்னிடம் இல்லை. குனிந்து, பள்ளத்துக்குள், ஜெபம் சொல்வது மாதிரி மெதுவாக.

"இங்ஙனா கெதக்கேனு... இங்ஙனா கெதக்கேனு..."

முதலில் இத்தாலி பாஷை என்றுதான் நினைத்தேன். மூன்றாவது தடவை சொல்லும்போது காதுக்குள் எதுவோ திறந்தது.

இங்ஙன கெடக்கேன்.

எங்கள் ஊர்ப் பேச்சு. பள்ளிக்கூடத்தில் ஒளிந்து விளையாடும்போது, காட்டில் பின்தங்கும்போது, காய்ச்சலில் சுருண்டு படுத்துக்கொண்டு எங்கே இருக்கிறாய் என்று கோமதி தேடும்போது, அவன் சொல்லுகிற சொல். இழுப்புகூட அவனுடையதுதான். கடைசியில் சிறிது மேலே தூக்கி நிறுத்துவான். இந்த மனுஷன் பொருள் தெரியாமல் அந்த இழுப்போடு சேர்த்து மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறான்.

"எல மகிழா" என்றேன். என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது.

சால்வோ திரும்பினார். நீட்டியிருந்த என் கையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார். பூட்ஸைப் பார்த்தார். அவர் ஒதுங்கவில்லை, கையைத் தடுக்கவும் இல்லை. பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். நான் என்ன செய்தாலும் சரி என்று நின்றமாதிரி இருந்தது.

அவர் சட்டையைப் பிடித்தேன். பிடித்து இழுத்தேன். என் பக்கமாகத்தான். இரண்டு பேரும் புல்லில் விழுந்தோம்.

எவ்வளவு நேரம் கிடந்தோம் என்று தெரியவில்லை. மூட்டத்துக்குள்ளிருந்து "அங்கிள்! அங்கிள்!" என்று சத்தம். தர்மிகா. நான் சொன்னதைக் கேளாமல் தேடி வந்திருக்கிறாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். சால்வோ சொன்னது:

அன்றைக்கு இரண்டு மணிக்கு மூட்டம் இறங்கியது. எல்லோரையும் வேகமாகக் கல் குடிசைக்குக் கூட்டிப்போனார். வாசலில் நின்று எண்ணினார். பன்னிரண்டு. சரி என்று கதவைச் சாத்தினார். அரைமணி கழித்து ஒரு பெண், அந்த இந்தியப் பையன் எங்கே என்று கேட்டாள். அப்போதுதான் தெரிந்தது, தன்னையும் சேர்த்து எண்ணிவிட்டார்.

"மகிழன் தனியப் போகேல்லையாம் அங்கிள். வரிசையில கடைசியா வந்தவராம். சப்பாத்து நாடா அறுந்து கட்ட நிண்டிருக்கலாமாம். இவர்தான் திரும்பிப் பாக்கேல்லையாம்."

நான் பூட்ஸைக் குனிந்து பார்க்கவில்லை.

நாலு மணிக்குத் தனியாகத் தேடி வந்தபோது பள்ளத்துக்குள்ளிருந்து குரல் கேட்டது. கயிறு இல்லை. போனில் சிக்னல் இல்லை. விளிம்பில் படுத்துக்கொண்டு, வருகிறேன், வருகிறேன் என்று தன் பாஷையில் கத்தினார். கீழேயிருந்து அந்த ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தது. கீழே ஊருக்கு ஓடி, ஆட்களையும் கயிற்றையும் கொண்டு ஏழரைக்கு வந்தபோது சத்தம் இல்லை. பயந்துபோய் அந்த இரண்டு வரியை எழுதிக் கொடுத்துவிட்டார்.

சொல்லி முடித்துவிட்டு என்னிடம் ஏதோ கேட்டார். தர்மிகா தயங்கினாள்.

"அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் எண்டு கேக்கிறார் அங்கிள். ஒரு வருசமா யாரிட்ட கேக்கிறது எண்டு தெரியாமல் வச்சிருந்தவராம். எனக்கே விளங்கேல்லை. அது தமிழோ?"

சும்மா ஏதோ பாட்டு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இங்க இருக்கேன்னு அர்த்தம்மா. தேடி வாறவங்களுக்குச் சொல்லுதது. சொல்லிரு."

சொன்னாள். சால்வோ இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டார்.

மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. எழுதமாட்டேன்.

அக்டோபர் 15, ஞாயிறு

வானம் தெளிவு. நடை முடிந்துவிட்டது, ஜெர்மன் தம்பதி விடைபெற்றார்கள். அந்த அம்மாள் எனக்கு ஹாலி இலைப் படம் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார்.

பத்து மணிக்குச் சால்வோ இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். தர்மிகாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு போலீஸ் நிலையம் போனார். பழைய வாக்குமூலம் பொய் என்று எழுதிக் கொடுத்தார். மூன்று பக்கம். லைசென்ஸ் போகும், வழக்கும் வரலாம் என்றாள் தர்மிகா. கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மாசானத்தின் பெண்டாட்டி பெயர் சுடலி. எங்கள் ஊர்ப் பக்கம் வி.கே.புரத்தில் மகளோடு இருப்பதாகக் கேள்வி. டிக்கெட்டை உறுதிப்படுத்திவிட்டேன்.

அக்டோபர் 16, திங்கள்

பலெர்மோ விமான நிலையம், காலை 9.20. தர்மிகா வந்து வழியனுப்பினாள். சோற்றுப் பொட்டலம் கொடுத்தாள். அவள் அம்மா கட்டியதாம்.

கோமதிக்குப் போன் போட்டேன். அந்த இடத்துக்குப் போனேன் என்று சொன்னேன். நல்ல இடம், மரம் நிறைய, குளிர்ச்சி என்றேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே சொன்னேன், அந்த வழிகாட்டியைப் பார்த்தேன், காகிதத்தில் எழுதியிருந்தது சரிதான், விழுந்த உடனே போய்விட்டான், ஒன்றும் தெரிந்திருக்காது என்று.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"முப்பது வருசமா பாக்குதேன்" என்றாள் கோமதி. "நான் கேக்காம நீங்க எதையும் சொன்னதில்ல."

போனைக் காதில் வைத்தபடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"சரி, அழாதீய. பக்கத்துல ஆளுவ பாப்பாவ. பத்திரமா வந்து சேருங்க. புள்ள என்ன சொன்னான்னு வீட்டுல வந்து சொல்லுங்க."